மறுகா? – சிப்பாயோடு தொடங்கும் சதுரங்கம்

பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே, கரம் போர்டுக்குப் பின்னால், ஒரு சதுரங்கப் பெட்டி தூசி பிடித்துக் கிடக்கும். வாங்கிய அன்று நடந்தது அநேகமாக இதுதான்: முப்பத்திரண்டு காயையும் ஒரேயடியாக அடுக்கி, ஆறு வகைக் காய் எப்படி எப்படிப் போகும் என்று கால் மணித்தியாலத்தில் சொல்லி முடித்து, ஆடத் தொடங்கி, நாலாவது நகர்வில் பிள்ளையின் ராசா விழுந்து, பிள்ளை எழும்பிப் போய்விட்டது. பிறகு யாரும் பெட்டியைத் திறக்கவில்லை.

பிழை பிள்ளையிலும் இல்லை, விளையாட்டிலும் இல்லை. தொடங்கிய இடம் பிழை. முப்பத்திரண்டு காய் நிற்கும் பலகையில் புதிதாக வந்தவருக்கு எதுவும் தெரியாது; அங்கே நடப்பதெல்லாம் தற்செயல். மூன்று காய் மட்டும் நிற்கும் பலகையில் எல்லாம் தெரியும், ஆனாலும் ஒன்று ஒளிந்திருக்கும். அதைத் தானாகக் கண்டுபிடிப்பதுதான் சதுரங்கத்தின் ருசி. ஐம்பது வயதில் தொடங்குகிறவருக்கும் ஆறு வயதில் தொடங்குகிறவருக்கும் இது பொது.

கதை கேட்கும் பிள்ளை நடுவில் "மறுகா?" (பிறகு?) என்று கேட்குமே, பலகைக்கு முன்னால் இருக்கும்போது வாயில் வரவேண்டிய சொல் அதுதான். நான் இதை வைத்தால், மறுகா? அவர் அதை வைத்தால், மறுகா? மட்டக்களப்புத் தமிழில் சதுரங்கத்துக்கென்றே செய்து வைத்த சொல் போல இருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கேள்வியைப் பழக்கமாக்கும் வழி. மாரி மழையில் வெளியே இறங்க முடியாத கார்த்திகை, மார்கழிப் பின்னேரங்கள் இதற்குத் தோதானவை.

பலகையும் காயும்

போட்டிகளில் பாவிக்கும் ராசா ஏறத்தாழ 9.5 சென்ரிமீற்றர் உயரம். கட்டத்தின் ஒரு பக்கம் 5 முதல் 6 சென்ரிமீற்றர். கடையில் அளவுகோல் கேட்கத் தேவையில்லை: ஒரு கட்டத்துக்குள் நாலு சிப்பாயை நெருக்கி நிறுத்திப் பாருங்கள். சரியாக அடங்கினால் பொருத்தம். நிறைய இடம் மிஞ்சினால் காய் பலகைக்குச் சிறிது. அடங்காவிட்டால் ஒரு காயை எடுக்கும்போது பக்கத்துக் காய் சாயும், பிறகு எது எங்கே நின்றது என்று சண்டை வரும். காந்தம் வைத்த குட்டிப் பெட்டி பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது நல்லது. பழகுவதற்கு அது வேண்டாம். கண் பலகை முழுவதையும் ஒருமிக்கப் பார்க்கப் பழக வேண்டும், அதற்குப் பெரிய பலகைதான் சரி.

மரப் பலகை அழகு. ஆனால் கரையோரத்தில் உப்புக் காற்றில் அதன் பிணைச்சல் துருப்பிடிக்கும், மாரி ஈரத்தில் பலகை வளையும். சுருட்டி வைக்கும் றெக்சின் பலகை இங்கே நீண்ட நாள் நிற்கும். மடித்து வைக்காமல் சுருட்டியே வைக்க வேண்டும். மடித்த கோடு பிறகு போகாது, அந்தக் கோட்டில் காய் சாய்ந்து நிற்கும்.

மலிவான பிளாஸ்டிக் காய்க்கு உள்ளே வெறும் கோது. விறாந்தையில் கச்சான் காற்று ஒருமுறை அடித்தால் இரண்டு படையும் சேர்ந்து விழும். அடியில் ஒட்டியிருக்கும் துணியையோ கடதாசியையோ உரித்துவிட்டு, வெயிலில் நன்றாகக் காயவைத்த மணலை முக்கால்வாசிக்கு நிரப்பி, மேலே உருக்கிய மெழுகுதிரியை ஊற்றி ஆறவிடுங்கள். மணலில் ஈரம் இருந்தால் மெழுகு பிடிக்காமல் கழன்றுவிடும். காய்க்குக் கொஞ்சம் பாரம் வந்தால் அதை எடுத்து வைக்கும் கைக்கும் ஒரு நிதானம் வருகிறது. இது சின்ன விசயம் போலத் தெரியும், அப்படியில்லை.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? ஒரு பிறிஸ்டல் போர்ட்டில் 44 சென்ரிமீற்றர் சதுரம் கீறி, 5.5 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடாகப் பிரித்தால் அறுபத்துநாலு கட்டம். நிறம் தீட்டும்போதுதான் பலருக்குப் பிழைக்கிறது: உங்கள் வலது கைப் பக்க மூலைக் கட்டம் வெள்ளையாக வரவேண்டும். இடது கை மூலையிலிருந்து கறுப்பைத் தொடங்கினால் தானாகச் சரியாக வரும். காய்க்குச் சோடா மூடி முப்பத்திரண்டு. ஒரு படையை நிமிர்த்தியும் மற்றதைக் கவிழ்த்தும் வைத்து, மேலே கடதாசி ஒட்டி அடையாளம் போடலாம். தொலைந்த சிப்பாய்க்குப் பதில் கச்சான் கொட்டை வைக்கிற யோசனை மட்டும் வேண்டாம். ஆட்டம் முடியுமுன் படை குறைந்துபோகும்.

காயை அடுக்கும்போது ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்க வேண்டும்: வெள்ளை ராணி வெள்ளையில், கறுப்பு ராணி கறுப்பில். இரண்டு ராணியும் நேருக்கு நேர் பார்க்கவில்லை என்றால் யாரோ ராசாவையும் ராணியையும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பெயர் விசயத்தில் ஆளுக்கு ஒரு பேச்சு. மூலையில் நிற்பதை ஒரு வீட்டில் கோட்டை என்பார்கள், அடுத்த வீட்டில் யானை. மந்திரி என்று சிலர் ராணியைச் சொல்வார்கள், சிலர் பிஷப்பை. எது சரி என்று வாதாடி ஒரு பின்னேரத்தைக் கெடுக்காமல், விளையாடும் இருவரும் ஒன்றை ஒத்துக்கொண்டு தொடங்குங்கள். இங்கே ராசா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, சிப்பாய்.

கட்டங்களுக்கும் பெயர் உண்டு. வெள்ளைக்காரரின் இடமிருந்து வலமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். அவர் பக்கமிருந்து மேலே 1 முதல் 8. வெள்ளை ராசா தொடங்கும் இடம் ஈ1. இதை முதல் நாளே பழகுவது நல்லது. "அந்தா, அதுக்குப் பக்கத்தில் உள்ளது" என்று விரல் நீட்டிப் பேசிக்கொண்டிருந்தால் நேற்று ஆடிய ஆட்டத்தை இன்று திருப்பிப் பார்க்க முடியாது.

முதல் பின்னேரம்: சிப்பாய் மட்டும்

இரண்டு பக்கமும் எட்டு எட்டுச் சிப்பாய். வேறு காய் இல்லை, ராசாவும் இல்லை. முன்னால் ஒரு கட்டம் போகும். தொடங்கிய இடத்திலிருந்து மட்டும் விரும்பினால் இரண்டு. நேரே நிற்பதை வெட்டாது, முன் மூலைவிட்டத்தில் நிற்பதை வெட்டும். கடைசி வரிசையை முதலில் தொடுகிறவர் வென்றார். நகர்த்த வேண்டியவருக்கு நகர்த்தவே ஒன்றும் இல்லையென்றால் சமன்.

ஒரு ஆட்டம் ஐந்து நிமிசத்தில் முடியும். ஒரு பின்னேரத்தில் ஏழெட்டு ஆடலாம், தோற்றால் உடனே அடுத்தது. முதல் இரண்டு மூன்று ஆட்டத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவார்கள். நாலாவதில் யாராவது ஒருவர் வெட்டாமல் காத்திருந்து பார்ப்பார். அந்த நேரம் முகத்தைப் பாருங்கள். சொல்லிக்கொடுக்காமல் வந்த முதல் யோசனை அது. அந்த இடத்தில் பெரியவர் வாய் திறக்கக் கூடாது. இந்த விளையாட்டில் சொல்லிக்கொடுக்கிறவரின் பெரிய குற்றம் விடையை முந்திச் சொல்வது.

மூன்றாம் நாளளவில் இன்னொரு விதியைச் சேருங்கள். உங்கள் சிப்பாய் ஐந்தாவது வரிசையில் நிற்கிறது. எதிராளியின் சிப்பாய் தொடங்கிய இடத்திலிருந்து இரண்டு கட்டம் பாய்ந்து உங்கள் சிப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அது ஒரு கட்டம்தான் வந்தது என்று நினைத்து அதை வெட்டலாம். உங்கள் சிப்பாய் அந்த நடுக் கட்டத்துக்குப் போகும். அடுத்த நகர்விலேயே வெட்ட வேண்டும், பிந்தினால் உரிமை போய்விடும். இந்த விதி தெரியாமல் ஆண்டுக்கணக்காக ஆடுகிறவர்கள் உண்டு. அவர்களோடு ஆடும்போது முதலே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "களவு" என்று பேர் வரும்.

ராசாக்களைச் சேர்த்தல்

இப்போது இரண்டு ராசாவையும் பலகைக்குக் கொண்டு வாருங்கள். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் ராணியாக மாறும். ராசா எந்தப் பக்கமும் ஒரு கட்டம் போகும், வெட்டுப்படும் கட்டத்துக்குப் போக முடியாது. ஆகவே இரண்டு ராசாவும் ஒருபோதும் அடுத்தடுத்த கட்டத்தில் நிற்க முடியாது.

தனியே ஓடும் சிப்பாயை ராசா பிடிக்குமா என்று விரல் விட்டு எண்ணத் தேவையில்லை. சிப்பாய் நிற்கும் கட்டத்திலிருந்து கடைசி வரிசை வரை எத்தனை கட்டமோ, அதே அளவுக்குப் பக்கவாட்டிலும் எடுத்து மனதில் ஒரு சதுரம் போடுங்கள். வெள்ளைச் சிப்பாய் ஏ4 இல் நின்றால் சதுரத்தின் மூலைகள் ஏ4, ஈ4, ஈ8, ஏ8. கறுப்பு ராசா எஃப்4 இல் நிற்கிறது. கறுப்பின் முறையென்றால் ஈ5 க்கு வந்து சதுரத்துக்குள் நுழைந்துவிடும், சிப்பாயைப் பிடிக்கும். வெள்ளையின் முறையென்றால் சிப்பாய் ஏ5 க்குப் போகும், சதுரம் சுருங்கும், ராசா பிந்திவிடும். முதல் கொஞ்ச நாளைக்குப் பலகையில் நூல் வைத்துக் காட்டினால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். சிப்பாய் தொடங்கிய இடத்தில் நின்றால் அது இரண்டு கட்டம் பாயுமென்பதால் ஒரு கட்டம் முன்னால் நிற்பதாக நினைத்துச் சதுரம் போட வேண்டும்.

சதுரம் பிடிபட்ட பிறகு இதை அடுக்குங்கள். 1921 இல் சதுரங்க வீரர் ரிச்சர்ட் ரெட்டி அமைத்த புதிர். நாலே நாலு காய். வெள்ளை ராசா எச்8, வெள்ளைச் சிப்பாய் சி6. கறுப்பு ராசா ஏ6, கறுப்புச் சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்த வேண்டும், தோற்காமல் தப்ப வேண்டும்.

பார்த்தவுடன் யாரும் கையை விரிப்பார்கள். கறுப்புச் சிப்பாய் கீழே எச்1 க்கு ஓடுகிறது. அதன் சதுரத்தின் மூலைகள் எச்5, டி5, டி1, எச்1. வெள்ளை ராசா அதற்கு வெளியே வெகு தூரம். நேரே எச் வரிசையில் துரத்தினால் இரண்டு நகர்வு பிந்தும். தன் சிப்பாயைக் காக்கவும் அது தூரம். கறுப்பு ராசா பி6 க்கு வந்தால் அடுத்ததில் சி6 வெட்டு. இரண்டு வேலையிலும் ஒன்றுகூட முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

வெள்ளை ராசா ஜி7. கறுப்புச் சிப்பாய் எச்4. வெள்ளை ராசா எஃப்6. இங்கே நிறுத்தி, மறுகா? என்று கேளுங்கள். கறுப்பு சிப்பாயை எச்3 க்கு ஓட்டினால், வெள்ளை ராசா ஈ7 க்குப் போய்த் தன் சிப்பாய்க்கு வழி காக்கும். இரண்டு பக்கமும் ராணி எடுப்பார்கள், சமன். கறுப்பு அதைத் தடுக்கத் தன் ராசாவை பி6 க்குக் கொண்டு வந்தால், வெள்ளை ராசா ஈ5. இப்போது ஒரே கட்டத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. கறுப்பு எச்3 என்றால் ராசா டி6, சிப்பாய் காப்பாற்றப்பட்டது. கறுப்பு சி6 ஐ வெட்டினால் ராசா எஃப்4, கறுப்புச் சிப்பாயின் சதுரத்துக்குள் வந்துவிட்டது. எச்3, ராசா ஜி3, எச்2, வெட்டு. பலகையில் இரண்டு ராசா மட்டும்.

ஏன் இது முடிகிறது? தரையில் மூலைவிட்டமாக நடந்தால் தூரம் கூடும். பலகையில் கூடாது. எச்8 இலிருந்து ஈ5 க்கு மூன்று நகர்வு, எச்5 க்கும் மூன்று நகர்வு. சாய்வாகப் போன ராசா கீழேயும் பக்கத்திலும் ஒரே செலவில் நகர்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பலகை அன்றைக்கு முதல் வேறு பலகை. ஒரு பிள்ளைக்கு விடையைச் சொல்லாமல் மூன்று நாள் விட்டுப் பாருங்கள். சாப்பிடும்போதும் அதையே யோசித்துக்கொண்டிருந்தால் சதுரங்கம் பிடித்துவிட்டதென்று அர்த்தம்.

சிப்பாய் முடிவாட்டம் பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் 2024 டிசம்பர் 12 ஐ நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் உலகச் சம்பியன் பட்டத்துக்கான 14 ஆவது, கடைசி ஆட்டம். 55 ஆவது நகர்வில் அப்போதைய சம்பியன், சீனாவின் டிங் லிரென் கோட்டையை எஃப்2 க்கு இறக்கினார். எதிரே இருந்த இந்தியாவின் குகேஷ் கோட்டையை வெட்டி மாற்றினார், அடுத்து பிஷப்பையும் மாற்றக் கேட்டார். மூலையில் நின்ற டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. மிஞ்சியது ராசாவும் சிப்பாயும் மட்டும், குகேஷிடம் இரண்டு, டிங்கிடம் ஒன்று. மூன்று நகர்வில் டிங் கை கொடுத்தார். 18 வயதுப் பொடியன் உலகச் சம்பியன்.

இரண்டு ராசாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்பதையும் பழக வேண்டும். மட்டக்களப்பின் ஒடுங்கிய பழைய கல்லடிப் பாலத்தில் எதிரெதிரே இரண்டு வாகனம் வந்து நின்றால் என்ன நடக்கும்? யாரோ ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும். பலகையில் பின்னுக்கு எடுப்பவர் யாரென்றால் நகர்த்த வேண்டிய முறை வந்தவர். வெள்ளை ராசா ஈ4, சிப்பாய் ஈ3, கறுப்பு ராசா ஈ6 என்று வையுங்கள். கறுப்பின் முறையென்றால் வெள்ளை வெல்லும். வெள்ளையின் முறையென்றால் சமன். அதே சிப்பாய் ஈ2 இல் நின்றால் வெள்ளையின் முறையானாலும் வெல்லலாம்: சிப்பாயை ஈ3 க்கு ஒரு கட்டம் தள்ளிவிட்டு, "இப்ப உங்கட முறை" என்று சொன்னால் போதும். இரண்டையும் மாறி மாறிப் பக்கம் எடுத்து ஆடிப் பாருங்கள். சும்மா இருக்க முடியாத ஒரே காரணத்தால் தோற்பது இந்த விளையாட்டின் விசித்திரங்களில் ஒன்று.

ராணியால் மடக்குதல், அங்கே விழும் குழி

ராசாவும் ராணியும் எதிரே தனி ராசா. எந்த நிலையிலிருந்தும் சரியாக ஆடினால் 10 நகர்வுக்குள் செக்மேட் ஆகும், அதாவது தாக்கப்பட்ட ராசாவுக்குத் தப்ப வழியிராது. பழகுகிறவர் இருபது எடுத்தாலும் பரவாயில்லை. வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு ஓடினால் எதிராளி சமன் கேட்கலாம். பழகாத கைக்கு அது உண்மையாகவே நடக்கும், ஏனென்றால் அவர் ராசாவைத் தாக்கித் தாக்கி, செக், செக் என்று பலகை முழுக்கத் துரத்திக்கொண்டிருப்பார். செக் சொல்வதால் ராசா மடங்காது. இடம் குறைந்தால் மடங்கும்.

வழி இது: ராணியை எதிர் ராசாவிலிருந்து ஒரு குதிரைப் பாய்ச்சல் தூரத்தில் (நேரே இரண்டு கட்டம், பக்கத்தில் ஒன்று) வையுங்கள். பிறகு அது போகும் திசைக்கே நீங்களும் போங்கள், நிழல் போல. அது மேலே ஒரு கட்டம் என்றால் ராணியும் மேலே ஒரு கட்டம். செக் ஒன்றுகூடச் சொல்லாமல் ராசா மூலைக்குப் போய்விடும்.

மூலைக்குப் போனதும் நிழல் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். கறுப்பு ராசா ஏ8 இல் நிற்கும்போது உங்கள் ராணி பி6 இலோ சி7 இலோ வந்தால், அதற்குச் செக் இல்லை, போக இடமும் இல்லை. ஸ்டேல்மேட், சமன். ஒரு ராணி கூட வைத்திருந்தும் அரைப் புள்ளி போயிற்று. பள்ளிக்கூடப் போட்டிகளில் அழுகை வரும் இடம் இதுதான். ஆகவே ராசா ஏ8 க்குப் போனதும் ராணியை டி7 இல் நிறுத்துங்கள். ராசா ஏ8, பி8 என்று இரண்டு கட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கட்டும். உங்கள் ராசாவை ஆறுதலாக நடத்திக்கொண்டு வந்து பி6 இலோ சி6 இலோ நிறுத்தி, ராணியை பி7 இல் வையுங்கள். முடிந்தது.

கோட்டையால் மடக்குவதற்கு அதிகபட்சம் 16 நகர்வு வேண்டும். அங்கே கோட்டை வேலி போடும், உங்கள் ராசா வேலிக்குப் பக்கத்தில் நின்று காவல் காக்கும், இடையிடையே கோட்டையை ஒரு கட்டம் சும்மா நகர்த்தி முறையை எதிராளிக்குத் தள்ள வேண்டும். ராணி கைவந்தவருக்கு இது இரண்டு பின்னேர வேலை.

தனியே இருக்கும்போது

எதிரே ஆள் இல்லாத நேரம் காய்களோடு அறிமுகமாகும் நேரம். குதிரையை ஏ1 இல் வைத்து, பி2 க்குக் கொண்டு போகப் பாருங்கள். மூலைவிட்டத்தில் அடுத்த கட்டம்தான். நாலு பாய்ச்சல் வேண்டும். பலகை நடுவில் அதே மாதிரிப் பக்கத்துக் கட்டத்துக்கு இரண்டு போதும். நடுவில் நிற்கும் குதிரைக்கு எட்டு வழி, மூலையில் இரண்டே இரண்டு. குதிரையை ஓரத்துக்கு அனுப்பாதே என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் முழுவதும் இந்த எண்ணிக்கையில் இருக்கிறது. கோட்டைக்கு இந்தக் கவலை இல்லை. வெறும் பலகையில் எங்கே நின்றாலும் 14 கட்டம்.

இன்னொன்று: எட்டுக் காசை எடுத்து, எட்டு ராணி என்று நினைத்து, ஒன்றையொன்று வெட்டாதபடி பலகையில் வைத்துப் பாருங்கள். 92 வழி இருக்கிறது. முதல் வழியைக் கண்டுபிடிக்கவே மின்சாரம் போன ஒரு இரவு காணாது.

முழு ஆட்டம்

மேலே சொன்னதற்கெல்லாம் இரண்டு கிழமை எடுங்கள். பிறகு முப்பத்திரண்டையும் அடுக்குங்கள். திறப்பாட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்; ரியூசன் குறிப்புப் போல நகர்வுகளைப் பாடமாக்கும் பிள்ளை, எதிராளி ஆறாவது நகர்வில் குறிப்பில் இல்லாததை வைத்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும். நடுவில் ஒரு சிப்பாய், குதிரைகளும் பிஷப்புகளும் வெளியே, ராசாவைக் கோட்டை கட்டி (ராசா கோட்டைப் பக்கம் இரண்டு கட்டம் போக, கோட்டை அதைத் தாண்டி மறுபக்கம் நிற்பது) பத்திரப்படுத்துதல், ஒரே காயை இரண்டு முறை நகர்த்தாமல் இருத்தல். முதல் ஐம்பது ஆட்டத்துக்கு இது போதும். மாற்றி வெட்டும்போது கணக்குப் பார்க்க: சிப்பாய் 1, குதிரை 3, பிஷப் 3, கோட்டை 5, ராணி 9.

நாலு நகர்வுச் செக்மேட்டை மட்டும் தெரிந்து வையுங்கள், ஏனென்றால் எல்லாரும் உங்களிடம் அதைத்தான் முயற்சிப்பார்கள். வெள்ளைச் சிப்பாய் ஈ4, பிஷப் சி4, ராணி எச்5, அடுத்தது எஃப்7 இல் மேட். கறுப்பான நீங்கள் சிப்பாய் ஈ5 உம் குதிரை சி6 உம் வைத்திருந்தால், ராணி எச்5 க்கு வந்தவுடன் சிப்பாயை ஜி6 க்குத் தள்ளி விரட்டுங்கள். அது எஃப்3 க்குப் போய் மறுபடி எஃப்7 ஐப் பார்க்கும். குதிரையை எஃப்6 இல் வையுங்கள், வழி அடைபட்டது. ராணி இரண்டு முறை அலைந்தது, உங்கள் காய்கள் இரண்டு வெளியே வந்தன. ஆனால் கவனம்: குதிரை சி6 க்கு வராமல் ஜி6 தள்ளினால், ராணி ஈ5 ஐ வெட்டி செக் சொல்லி, அடுத்ததில் எச்8 மூலைக் கோட்டையையும் கொண்டு போகும்.

முழு ஆட்டத்தில் தொடக்கக்காரர் தோற்பது ஆழமான தந்திரத்தால் அல்ல. சும்மா நிற்கும் காயைக் கொடுத்துத்தான். எதிராளி வைத்தவுடன் "இதை ஏன் வைத்தார்?", நீங்கள் வைக்குமுன் "மறுகா?". இந்த இரண்டும் போதும். கை பலகைக்குப் போன பிறகு யோசிக்கிற பழக்கத்தைத் தொடக்கத்திலேயே வெட்ட வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டு யோசிப்பது, முடிவு செய்த பிறகு தொடுவது.

பெரியவரும் பிள்ளையும் ஆடும்போது வேண்டுமென்று தோற்றுக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு அது தெரியும். பதிலாக உங்கள் ராணியை எடுத்து வைத்துவிட்டு ஆடுங்கள். நீங்கள் மூன்று முறை தோற்றால் அடுத்ததற்கு ராணிக்குப் பதில் கோட்டை. இன்னொரு வழி பலகையைத் திருப்புவது: பிள்ளை நொந்துபோகும் கட்டத்தில் "அம்மப்பா, இடம் மாறுவமா?" என்று கேட்டால் மறுக்காமல் மாறுங்கள். தோற்கிற பக்கத்தை அம்மப்பா எப்படி இழுத்துப் பிடிக்கிறார் என்று பார்ப்பதில் பிள்ளை படிப்பது கூட.

ஆட்டத்தை எழுதி வையுங்கள். ஒரு சாதாரணக் கொப்பியில் இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் கறுப்பு. முதல் நகர்வுக்கு வெள்ளைக்கு 20 வழி: சிப்பாயால் 16, குதிரையால் 4. கறுப்பும் ஒன்று வைத்தால் 400. இருவரும் இரண்டு இரண்டு நகர்வு முடிக்க 197,281 வழி. ஆகவே உங்கள் கொப்பியில் இருக்கும் இருபதாவது நகர்வு நிலை பெரும்பாலும் வேறு யாருக்கும் வராதது. தோற்ற ஆட்டத்தை அடுத்த நாள் திருப்பி அடுக்கி, எந்த இடத்தில் சாய்ந்தது என்று தேடிப் பாருங்கள். அந்த நகர்வுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. பத்து ஆட்டத்தில் புள்ளிகள் ஒரே மாதிரிப் பிழையைக் காட்டும். அநேகமாகக் குதிரையின் இரட்டைத் தாக்குதல்.

போனில் ஆடுவதென்றால் லிசெஸ் (Lichess) என்ற சதுரங்க இணையத்தளம் காசில்லாதது, விளம்பரமும் இல்லை. மூன்று நிமிச ஆட்டத்தைத் தொடாதீர்கள், அது கையைப் பழக்கும், மூளையைப் பழக்காது. 15 நிமிசமும் நகர்வுக்கு 10 விநாடியும் நல்ல அளவு. ஆட்டம் முடிந்ததும் கணினி எஞ்சின் எது பிழை என்று உடனே காட்டும். அந்தப் பொத்தானை முதலில் அமத்தினால் தேடிக் கண்டுபிடிக்கும் சந்தோசம் போய்விடும். முதலில் உங்கள் கண், பிறகு எஞ்சின்.

போட்டிக்குப் போகும் முன்

வீட்டில் நன்றாக ஆடும் பிள்ளை போட்டியில் விதியால் தோற்பது வழக்கம். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். சாய்ந்த காயை நிமிர்த்துவதென்றால் உங்கள் முறையில், தொடுமுன் "சரிப்படுத்துகிறேன்" என்று சொல்ல வேண்டும். கோட்டை கட்டும்போது முதலில் ராசாவைத் தொடவேண்டும், ஒரே கையால். கோட்டையை முதலில் தொட்டால் நடுவர் கோட்டையை மட்டும் நகர்த்தச் சொல்லலாம். காய் நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அமத்த வேண்டும். விதிக்குப் புறம்பான நகர்வை முதல் முறை வைத்து மணிக்கூட்டை அமத்தினால் எதிராளிக்கு 2 நிமிசம் கூடும், இரண்டாம் முறை ஆட்டம் போகும். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போவது எல்லாவற்றிலும் லேசு. சட்டைப் பையில் அது சத்தம் போட்டால் ஆட்டம் முடிந்தது.

பெட்டியை மூடுமுன் சிப்பாய் ஆறு மட்டும் எடுத்து இதை வையுங்கள். வெள்ளை ஏ5, பி5, சி5. கறுப்பு ஏ7, பி7, சி7. ராசாக்கள் இல்லை, முதல் நகர்வு வெள்ளைக்கு. ஒரு சிப்பாய் எப்படியும் கடைசி வரிசைக்குப் போகும், மற்ற இரண்டும் வெட்டுப்பட்டாலும் சரி. முதலில் நடுச் சிப்பாயை பி6 க்குத் தள்ளுங்கள். கறுப்பு ஏ7 ஆல் அதை வெட்டுகிறது.

மறுகா?